கல்வெட்டில் பெயர் உள்ளவன்

எங்கள் ஊர்ப் பாஸ்கு நாடகத்தில், வரலாற்றுப் பேராசிரியர் தலையசைக்கும் காட்சிகள் மட்டுமே கண்ணுக்குத் தெரியும். மற்றவையும் நடக்கும், தெரியாது.

இந்த ஆண்டு என் மகன் புரூனோ இயேசு. என் மனைவி ரெஜினா மாதா. நான் பிலாத்து. பேராசிரியர் ஞானதுரை முன்வரிசையில் பங்குச் சாமியாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

பிறப்புக் காட்சியில் மேடை காலியாக இருந்தது. "பிறந்தார். எங்கே, எப்படி என்பதில் சாட்சிகள் ஒத்துப்போகவில்லை" என்றார் பேராசிரியர். திருமுழுக்கின்போது தலையசைத்தார், புரூனோ தலையில் நீர் சொட்ட வெளிப்பட்டான். அவன் சொன்ன உவமைகள் விட்டுவிட்டுக் கேட்டன. கடல்மேல் நடந்ததை யாரும் பார்க்கவில்லை.

நான் நுழைந்ததும் அவர் உடனே தலையசைத்தார். என் மீசை மை வழிவதுகூடக் கடைசி வரிசைக்குத் தெரிந்தது. "பிலாத்து பெயர் கல்வெட்டிலேயே இருக்கிறது" என்று சாமியாரிடம் சொன்னார். நான் தீர்ப்புச் சொன்னேன். புரூனோவைச் சிலுவையில் ஏற்றினார்கள். அதில் சந்தேகமே இல்லை என்றார்.

புரூனோ சிலுவையிலிருந்து கீழே வெறும் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ரெஜினா மேடையை விட்டு இறங்கினாள். இறங்கியதும் தெரிந்தாள். நேரே பேராசிரியர் முன்னால் போய் நின்றாள்.

"கொல்லச் சொன்னவனுக்குச் சாட்சி இருக்கு. பெத்தவளுக்கு இல்லியா சார்?"

"தாய் இருந்தது நிச்சயம், அம்மா. சிலுவையடியில் நின்றதைத்தான் நான்கு நற்செய்தி நூல்களில் ஒன்று மட்டும் சொல்கிறது."

"புள்ளையத் தொங்க விட்டிருக்கு. பெத்தவ வேற எங்க நிப்பா?"

"நியாயம்தான். ஆனால் நியாயம் ஆதாரமாகாது."

"அவன அடிச்சது தெரியுது. அவன் சிரிச்சது தெரியலியா?"

"சிரித்ததாக யாரும் எழுதவில்லை, அம்மா."

ரெஜினா திரும்பினாள். மேடையின் முதல் படியிலேயே மறைந்தாள்.

எனக்கு என் வெளிச்சம் கூசியது. ஆளுநர் இருக்கையை விட்டு எழுந்து சிலுவையடிக்குப் போனேன். பிலாத்து அங்கே வந்ததற்கு ஆதாரம் இல்லை, நானும் மறைந்தேன். ரெஜினா அங்கே நின்று அழுதுகொண்டிருந்தாள். கையைப் பிடித்தேன். உதறிவிட்டாள்.

நாடகம் முடிந்ததும் நானும் புரூனோவும் இறங்கினோம். ரெஜினா முன்பக்கம் இறங்காமல், மறைந்தபடியே வீட்டுக்குப் போய்விட்டாள்.

வழக்கப்படி பேராசிரியருக்கு எங்கள் வீட்டில்தான் கஞ்சி. அகப்பை தானாகப் பானைக்குள் போய், முதலில் புரூனோவின் தட்டில் ஊற்றியது. பிறகு அவர் தட்டுக்கு மேலே வந்து நின்றது. அவர் தட்டை ஏந்தியபடி பொறுமையாகக் காத்திருந்தார். நான் ஊறுகாயை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.