ஐந்து பேருக்கு இரண்டு கட்டில்

வியாழக்கிழமை மாலை வகுப்புக்கு நான் எடுத்துப்போன கணக்கு உண்மையில் எங்கள் அறையின் பிரச்சினை. அதைப் பிள்ளைகளிடம் முதலில் சொல்லவில்லை. சொல்லாதது சரியா என்று இப்போதும் தெரியவில்லை.

இருங்காட்டுக்கோட்டையில் எங்கள் அறையில் இரண்டு இரும்புக் கட்டில்கள். அவற்றைப் போட்டபின் மிஞ்சுவது அடுப்புக்கும் கதவு திறப்பதற்குமான இடம்தான். நாங்கள் நான்கு பேர், தொழிற்சாலையில் நான்கு ஷிப்ட். ஒருவன் எழுந்து வேலைக்குப் போனதும் அதே கட்டிலில் அவனுடைய கூட்டாளி படுப்பான். நானும் சக்திகுமாரும் கதவோரக் கட்டில். மகாராஜாவும் பெருமாள்சாமியும் சன்னலோரக் கட்டில். ஒரு கட்டில்காரன் அடுத்த கட்டிலில் உட்காரக்கூட மாட்டான்.

ஐந்தாவதாக வந்தவன் அய்யாத்துரை. கம்பெனி கேன்டீனில் சமையல் வேலை. அதிகாலை மூன்று மணிக்கு அடுப்பு மூட்டவேண்டும். பத்து நாள் ஸ்டோர் ரூமில் அரிசி மூட்டைகளின் மேல் தூங்கினான். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அங்கே படுக்கக்கூடாது என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். எங்கள் அறை மகாராஜாவின் பெயரில் இருக்கிறது; யாரைச் சேர்ப்பது என்பது அவன் முடிவு.

"ஞாயித்துக்கெழமைக்குள்ள நம்ம கணக்கு வாத்தியாரு எடம் கண்டுபிடிச்சாச் சரி" என்றான் மகாராஜா, என்னைக் காட்டி. "இல்லைன்னா இவனைக் கோயில்பட்டி பஸ்ல ஏத்திவிட்டுருவோம்."

"எண்ணே, நான் நின்னுக்கிட்டே உறங்குவேன்" என்றான் அய்யாத்துரை.

"நீ உறங்குவலே. குறட்டையை எங்க வைப்ப?"

எல்லாரும் சிரித்தார்கள். அய்யாத்துரையும் சிரித்தான். ஊரில் அவனுக்கு வேலை இல்லை.

நான் நோட்டில் எழுதினேன். என் தூக்கம் இரவு பத்து முதல் காலை ஆறு. பெருமாள்சாமி அதிகாலை மூன்று முதல் பதினொன்று. சக்திகுமார் காலை எட்டு முதல் மாலை நான்கு. மகாராஜா பகல் ஒன்று முதல் இரவு ஒன்பது. அய்யாத்துரை மாலை ஆறு முதல் இரவு இரண்டு. எந்த நேரத்திலும் இரண்டு பேருக்கு மேல் தூங்கவில்லை. மொத்தத் தூக்கம் நாற்பது மணி நேரம். இரண்டு கட்டிலுக்கு நாற்பத்தெட்டு. எட்டு மணி நேரம் உபரி. ஆனாலும் யாரை யாரோடு சேர்த்தாலும் ஒருவன் வெளியே நின்றான். பன்னிரண்டு பட்டியல் போட்டேன். தவறு என்னிடம்தான் என்று நினைத்தேன். கல்லூரியில் கணிதத்தில் இரண்டு அரியர் வைத்தவன் நான்.

மண்ணூர் மாலை வகுப்பில் வியாழன்தோறும் புள்ளியும் கோடுமாகப் போடும் கணக்கு சொல்லித் தருகிறேன். "இதெல்லாம் பரீச்சைல வருமா சார்?" என்று ஒரு பிள்ளையின் அம்மா கேட்டிருக்கிறார்.

அன்று பலகையில் வட்டமாக ஐந்து புள்ளிகள் வைத்தேன். ஒரு புள்ளி ஒரு ஆள். தூக்க நேரம் மோதும் இருவருக்கு இடையே ஒரு கோடு. ஐந்து கோடுகளும் சேர்ந்து ஒரு வளையமாயின. "சிவப்பு ஒரு கட்டில், நீலம் ஒரு கட்டில். கோடு சேர்க்கிற ரெண்டு பேருக்கு ஒரே நிறம் வரக்கூடாது" என்றேன்.

எட்டாம் வகுப்பு எழிலரசன் போட்டுப் போட்டு அழித்தான். ஆறாம் வகுப்பு சுகப்பிரியா சாக்பீஸைத் தொடவில்லை. விரலால் காற்றில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"சார், இது ஆவாது."

"இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணு."

"இன்னா பண்ணாலும் ஆவாது சார். செவப்பு, நீலம், செவப்பு, நீலம். அஞ்சாவது ஆளுக்கு இந்தாண்ட நீலம், அந்தாண்ட செவப்பு. அவரு எங்க போவாரு?"

"வேற ஆள்ல இருந்து ஆரம்பிச்சா?" என்றான் எழிலரசன்.

"எங்க ஆரம்பிச்சாலும் வட்டந்தானடா, லூசு."

நான் பன்னிரண்டு பட்டியல் போட்டவன். இவள் ஒரே பேச்சில், நான் போடாத பட்டியல்களையும் சேர்த்து மூடிவிட்டாள். கிடைக்கவில்லை என்பது வேறு, இல்லவே இல்லை என்பது வேறு. ஒற்றைப்படைப் புள்ளிகள் கொண்ட வளையத்துக்கு இரண்டு நிறம் போதாது என்ற இதே தேற்றத்தைக் கல்லூரியில் ஐந்து மதிப்பெண்ணுக்கு மனப்பாடமாக எழுதியிருக்கிறேன். அன்றுதான் பார்த்தேன்.

அடுத்த நொடி அய்யாத்துரை நினைவுக்கு வந்தான். "அப்ப ஒருத்தர் ஊருக்குப் போகவேண்டியதுதான்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். யார், ஏன் என்று பிள்ளைகள் துளைத்தார்கள். எல்லாவற்றையும் சொன்னேன்.

சுகப்பிரியா எழுந்து பலகையருகே வந்தாள். "தெனமும் அதே கட்டிலுதான்னு யாரு சார் சொன்னா?"

சொன்னது நான்தான். எங்கள் அறையின் வழக்கத்தைக் கேள்வியிலேயே புதைத்துவைத்திருந்தேன்.

"அஞ்சாவது ஆளு செவப்புல படுக்கட்டும். மொத ஆளு மறுநாள் வர்றப்போ செவப்புல ஆளு கீது. நீலத்துல படுக்கட்டும்." அவள் நிற்காமல் வளையத்துக்கு வெளியே இன்னொரு சுற்று வரைந்தாள். நீலம், சிவப்பு, நீலம், சிவப்பு, நீலம். பத்தாவது புள்ளியிலிருந்து முதல் புள்ளிக்குக் கோடு இழுத்தாள். நீலத்திலிருந்து சிவப்புக்கு. மோதவில்லை. ஒரு சுற்றில் மூடாதது இரண்டு சுற்றில் மூடிக்கொண்டது.

அறையில் மகாராஜா ஒப்புக்கொள்ளவில்லை. "என் மெத்தையில கண்டவன் படுக்கவா? உறக்கம் வராதுல."

"போர்வையும் தலகாணியும் அவனவன் கையோட கொண்டுபோயிருவோம்" என்றேன்.

"யாரு சொன்ன யோசனை?"

"ஆறாவது படிக்கிற பிள்ளை."

அவன் என் நோட்டை வாங்கிப் பத்துப் புள்ளிகளையும் ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தான். தப்புக் கண்டுபிடிக்கத்தான் பார்த்தான். "ரெண்டு நாளு. இடிச்சுதுன்னா பஸ்தான்."

ஞாயிறு மாலை ஆறுக்கு அய்யாத்துரை கதவோரக் கட்டிலில் படுத்தான். பத்துக்கு நான் வாழ்வில் முதன்முறையாகச் சன்னலோரம். திங்கட்கிழமை ஒவ்வொருவரும் எதிர்க் கட்டிலில் இருந்தோம். சுவரில் நான் ஒட்டிய அட்டவணையை யாரும் பார்க்கவில்லை. வருகிறவன் காலியாக இருந்த கட்டிலில் படுத்தான், அவ்வளவுதான்.

இன்று செவ்வாய். வேலை முடிந்து ஆறு மணிக்கு வந்தேன். மகாராஜா சன்னலோரம் தூங்குகிறான், ஞாயிறு போலவே. கதவோரக் கட்டிலில் அய்யாத்துரை போர்வையை விரித்துக்கொண்டிருந்தான்.

"எண்ணே, நான் இருக்கலாமா?" என்று மெதுவாகக் கேட்டான்.

கண்ணைத் திறக்காமலே மகாராஜா சொன்னான்: "பேசாம உறங்குல."