புது பிளேயர் வாங்கிய பிறகு

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அது தெரிந்துதான் இந்தக் கட்டடத்தில் யாரும் என்னிடம் அதிகம் வைத்துக்கொள்வதில்லை. மனைவி இருந்தவரை நாலு பேரிடம் சிரித்துப் பேசிச் சமாளித்துவிடுவாள். அவள் போனபின் இரண்டாம் மாடியில் நானும் பழைய ரெக்கார்டு பிளேயரும்தான்.

எனக்கு பாய்லர் அறையில் காலை ஷிப்டு. நீராவி இரைச்சலில் வெந்த காதுக்குச் சாயங்காலம் பாட்டு வேண்டும். அந்தப் பழைய பிளேயரைத் தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். மோட்டார் சூடேறும்வரை சோம்பலாகச் சுற்றும். விரலால் ஒரு தள்ளு தள்ளிவிட வேண்டும். ஆனால் பாடுகிறவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பாடுகிற மாதிரி இருக்கும். ஒரே குறை, பாட்டு முடிந்தால் தானாக நிற்காது. நான் நாற்காலியிலேயே தூங்கிப்போவேன். முள் கடைசிக் கோட்டில் மாட்டிக்கொண்டு டிக், டிக் என்று அடித்துக்கொண்டே கிடக்கும்.

அப்போதுதான் கீழ்வீட்டிலிருந்து சத்தம் வரும். எனக்கு நேர் கீழே, முதல் மாடியில், பள்ளிச் சீருடை தைக்கும் தையல்காரம்மா. அவரும் தனி ஆள். துணி அளக்கிற மரக்கோலால் கூரையில் டொக், டொக் என்று இடிப்பார். நான் எழுந்து முள்ளைத் தூக்குவேன்.

"கேட்டுச்சு, கேட்டுச்சு! என்ன அவசரம்!" என்று தரையைப் பார்த்துக் கத்துவேன். கத்தினாலும், அன்றைக்கு முழுக்க என்னை ஒருவர் கூப்பிட்டது அது ஒன்றுதான். படியில் பார்த்தால் அவர் "வணக்கம் சார்" என்பார், நான் "வணக்கம்மா" என்பேன். அதற்கு மேல் பேச்சு வளர்ந்ததில்லை.

ஒருநாள் நடுப்பாட்டிலேயே கோல் இடித்தது, பலமாக. எனக்குச் சுருக்கென்றது. சத்தத்தைக் குறைத்தேன். மறுபடியும் இடித்தார். அணைத்தே விட்டேன்.

மனைவியின் தம்பி வந்தபோது அவனிடம் புலம்பினேன்.

"பின்ன என்ன மாமா? தலைக்கு மேல நாளெல்லாம் பாட்டு போட்டா யாருதான் பொறுத்துப்பாங்க? புதுசா ஒண்ணு வாங்குங்க. தானா நிக்கும். ஒயர் இல்லாத ஹெட்போன்ல கேக்கலாம்."

"இத்தன வருஷம் ஓடினது, இதுக்கு என்னடா கொற?"

"உங்களுக்கு என்ன கொறயோ அதேதான்," என்று சிரித்தான்.

புதுசைக் குறை சொல்ல வாயில்லை. பொத்தானை அழுத்தினால் அந்த நொடியே சரியான வேகம். ஹெட்போனை மாட்டினால் பாடகர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. எத்தனையோ தடவை கேட்ட ரெக்கார்டில், பின்னால் யாரோ மெல்ல இருமுவதை அன்றுதான் கேட்டேன். அடடா என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். அதைப் பகிர்ந்துகொள்ள ஆளில்லை. பாட்டு முடிந்ததும் முள் தானே எழுந்துபோய்த் தன் இடத்தில் படுத்துக்கொண்டது. நான் இருட்டும்வரை தூங்கினேன். கழுத்து பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

சில வாரங்களில் வீடு கசந்துவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அந்தக் கோல் சத்தம் வேண்டியிருந்தது. ஒரு விடுமுறை நாளில் பழையதைத் தூக்கி வைத்து, ரெக்கார்டு போட்டு, தூங்காமல் உட்கார்ந்தேன். பாட்டு முடிந்தது. முள்ளை எடுக்காமல் விட்டேன். டிக், டிக். கீழே ஒரு அசைவும் இல்லை. பயம் வந்து கீழே ஓடினேன்.

கதவு திறந்திருந்தது. தையல் மெஷினைப் போர்வையில் சுற்றிக் கட்டியிருந்தார்கள்.

"வாங்க சார். பையன் கூப்பிட்டுக்கிட்டே இருந்தான். கெளம்பறேன். பாட்டு கேட்டுச்சு. தட்டலாம்னா கோலு லாரில ஏறிடுச்சு."

"என்னம்மா, இப்படித் திடீர்னு?"

"திடீர்னு எங்க? ரெண்டு சாயங்காலம் வந்து பெல் அடிச்சேனே. வெளக்கு எரிஞ்சுது, நீங்க தொறக்கல. பாட்டும் நிறுத்திட்டீங்க. நம்ம மேல ஏதோ கோவம்போலன்னு வந்துட்டேன்."

"எனக்கா கோவம்? சத்தம் தாங்கலன்னு நடுப்பாட்டுல தட்டினது நீங்கதானே!"

"அய்யய்யோ! நல்ல பாட்டு, மெஷின் சத்தத்துல சரியா கேக்கல. இன்னும் சத்தமா வைங்கன்னு தட்டினேன். நீங்க கொறச்சீங்க. மறுபடி தட்டினா, நிறுத்தியே விட்டீங்க!"

"உங்களுக்குத் தொந்தரவா இருக்கக் கூடாதுன்னு ஹெட்போன் வாங்கினேம்மா. அதான் பெல்லு கேக்கல. எதுக்கு வந்தீங்க?"

அவர் மெஷின் மேலிருந்த முடிச்சை இறுக்கினார். "போகட்டுமா, இருக்கட்டுமான்னு ஒரு வார்த்த கேக்கலாம்னுதான். வேற யாரக் கேக்கறது?"

"இருங்கன்னு சொல்லியிருப்பேன்."

"இப்ப சொல்லி என்ன சார்? நாளைக்கு இங்க வேற ஆளுங்க குடி வராங்க."

லாரிக்காரர் படியேறி வந்தார். கூட ஆளில்லை, யாராவது ஒரு கை கொடுங்கள் என்றார். லாரிக்காரர் கட்டிலின் ஒரு முனையைப் பிடித்தார். மறுமுனையைப் பிடித்து நான்தான் கீழே இறக்கினேன்.