வெள்ளி கறுக்கவில்லை

காளானைப் பறிக்கும்போதே அஞ்சலாட்சிக்கு மனசு ஒரு தரம் உறுத்தியது. புற்றுக்காளான் என்றால் பக்கத்தில் கறையான் புற்று இருக்கும். தண்டு வேர்போல மண்ணுக்குள் நீளமாக இறங்கியிருக்கும். இதுவோ முத்தியால்பேட்டை வீட்டுக் கொல்லையில், வெறும் புல்லில், ஐப்பசி இடிமழைக்குக் குடை குடையாக முளைத்திருந்தது. இழுத்ததும் கையோடு வந்துவிட்டது. அவசரக்காரிக்கு உறுத்தல் எங்கே உறைக்கும்?

புருஷன் கண்ணையன் மூன்று நாளாகப் பேசவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் அரியாங்குப்பத்து அம்மா வீட்டுக்குப் போய் ஒரு ராத்திரி தங்கிவிட்டு வந்தாள், அதுதான் குற்றம். "போனவ அங்கயே இருந்துக்க வேண்டியதுதான" என்றான். அப்புறம் வாய்க்குப் பூட்டு. அந்த மனுஷனுக்குக் காளான் குழம்பென்றால் உயிர். பூட்டை அது திறக்கும் என்று நம்பினாள்.

சோதிக்காமலும் விடவில்லை. அம்மா சொல்லிக்கொடுத்தபடி கால் மெட்டியில் ஒன்றைக் கழற்றிக் கழுவி, கொதிக்கிற குழம்பில் போட்டாள். விஷமென்றால் வெள்ளி கறுக்கும். கொஞ்ச நேரம் கழித்துக் கரண்டியால் தூக்கிப் பார்த்தாள். பளிச்சென்று இருந்தது. அதற்குள் வாசலில் சைக்கிள் மணி. பேசாதவன் மணியடித்துத்தான் கூப்பிடுவான். கரண்டியைச் சட்டியில் முக்கி, அள்ளி அள்ளிச் சாப்பாட்டுக் கேரியரில் ஊற்றிக் கொடுத்தாள். அவன் வாங்கி மாட்டிக்கொண்டு மில்லுக்குப் போனான்.

சட்டிக்குள் அடங்காத பெரிய குடை ஒன்றை வெள்ளைப் பீங்கான் தட்டில் கவிழ்த்து வைத்திருந்தாள். உச்சிவேளை நெருங்கும்போது அதை எடுத்தாள். தட்டில் பச்சைப் பொடி கோடு கோடாக அச்சு விழுந்திருந்தது. எந்தப் புற்றுக்காளானும் பச்சையாக உதிர்த்து அவள் பார்த்ததில்லை.

செருப்பைக்கூடத் தேடாமல் ஓடினாள். சாப்பாட்டுச் சங்கு ஊதுவதற்குள் போய்விட வேண்டும். சண்டை போட்டவள் சோற்றில் விஷம் வைத்தாள் என்று ஊர் பேசும். பேசிவிட்டுப் போகட்டும், அவன் இருந்தால் போதும். பாதி வழியில் சங்கு ஊதியது.

மில் கேட்டில் காவலுக்கு இருந்தவர் நாராயணசாமி, பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து திரும்பிய பழைய சொல்தா.

"அந்தச் சோத்தத் துன்ன வேணாம்னு எங்க ஊட்டுக்காரருகிட்ட சொல்லுங்கண்ணே."

"இந்நேரம் துன்னுட்டுக் கையக் கழுவியிருப்பான். நில்லு, ஆளனுப்புறேன்."

எங்கே நிற்பது? கேட்டுக்கும் சாக்கடைக்கும் நடையாய் நடந்தாள்.

கண்ணையன் வந்தான். ஒரு கையில் கேரியர், மறு கை மூடியிருந்தது. முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"துன்னுட்டியா? சொல்லுய்யா."

மூடிய கையை விரித்தான். மசாலா அப்பிய மெட்டி.

"ஏதோ கோவத்துல சொன்னேன் அஞ்சல. அதுக்காவ மெட்டியக் கழட்டிக் குடுத்தனுப்பிடுவியா? சோத்துல கொழம்ப ஊத்துறேன், இது உழுவுது. எப்படித் துன்னுவேன் நான்?" மூன்று நாளைக்கும் சேர்த்துப் பேசினான்.

அஞ்சலாட்சி அப்போதுதான் தன் காலைப் பார்த்தாள். ஒரு விரல் மொட்டையாக இருந்தது.

கேரியரைப் பிடுங்கி எல்லாவற்றையும் சாக்கடையில் கொட்டினாள். "வெசக் காளான்யா அது. வெள்ளி கறுக்குதான்னு பாக்கப் போட்டேன். எடுக்க மறந்துட்டேன்." சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது.

அவன் சாக்கடையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். கேட்டில் கூட்டம் சேர்ந்துவிட்டது. அவள் புழுதிக் காலை முன்னால் நீட்டினாள்.

"போட்டு உடு."

அத்தனை பேர் பார்க்க அவன் குந்தினான். வேட்டியில் மெட்டியைத் துடைத்தான். வெள்ளி அப்போதும் பளிச்சென்றுதான் இருந்தது.