எந்த அடி?

துருவி என்றால்தான் அலுவலகத்தில் தெரியும். எதையும் துருவித் துருவிக் கேட்கும் நில அளவையாளர் அந்த அம்மாள்.

அடுத்தடுத்த மனைகளில் வீடு கட்டியிருந்த ஓர் அண்ணனும் தங்கையும் அவரை அழைத்திருந்தார்கள். நடுவில் மதில் எழுப்ப வேண்டும். முப்பது வருடத்துக்கு முந்தைய வரைபடத்தில் அண்ணன் மனையின் நான்கு மூலைகளுக்கும் எண்கள் இருந்தன. அவற்றை இடம் காட்டும் கருவியில் ஏற்றிக்கொண்டு நடந்தார். எல்லைக்கல்லைத் தாண்டி, மேற்கே தங்கை வீட்டுக் குழாயடியில் போய் நின்றது கருவி.

தங்கை ஈரக்கையோடு ஓடிவந்தாள். "கல்லு அங்க இருக்கு. இங்க என்ன வேலை?"

"கல்லை நீதான் நகர்த்தியிருப்பே," என்றார் அண்ணன். "மெஷின் பொய் சொல்லுமா?"

"நானா? அண்ணனாச்சேன்னு பாக்கறேன்!"

துருவிக்குச் சண்டையில் காது போகவில்லை. மற்ற மூன்று மூலைகளையும் பார்த்தார். எங்கும் அதே கதைதான்: கல்லுக்கு நாலடி மேற்கே, ஓரடி தெற்கே.

"சார், ரோட்டோரக் கல்லையும் உங்க தங்கச்சிதான் நகர்த்தினாங்களா? நாலு கல்லும் ஒண்ணா நகருமா? ஒருநாள் டைம் குடுங்க."

அலுவலகம் திரும்பியவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. வரைபட எண்கள் ஏதோ ஒரு மூலப்புள்ளியிலிருந்து தொடங்குபவை. அங்கிருந்து இந்த மனை கிழக்கே இருபது லட்சம் அடி, வடக்கே ஐந்து லட்சம் அடி. இருபது லட்சத்துக்கு நாலு, ஐந்து லட்சத்துக்கு ஒன்று. இரண்டும் ஒரே விகிதம்! அப்படியானால் பிசகு கல்லில் இல்லை, அளவுகோலில்.

அளவைச் சட்டத்தைப் புரட்டினார். அடியிலேயே இரண்டு வகை. பழைய அடி, புதிய அடியைவிட நூலிழையிலும் நூலிழை நீளம். வீட்டுக்குள் அளந்தால் தெரியவே தெரியாது. பழைய வரைபடங்களுக்குப் பழைய அடியே செல்லும், எந்த அடி என்பதை வரைபடத்தில் குறிக்க வேண்டும் என்றது சட்டம். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தால், ஓரத்தில் மங்கிய எழுத்தில் 'பழைய அடி' என்று இருக்கிறது. கருவியோ புதிய அடியில் இருந்தது.

மறுநாள் காலையில் முதல் வேலையாக, "தப்பு என்னோடது," என்றார். மூலப்புள்ளி, இரண்டு வகை அடி எல்லாவற்றையும் இருவருக்கும் சொன்னார். கருவியில் அடியை மாற்றிவிட்டு மறுபடி நடந்தார். நான்கு கற்களின் தலையிலும் அச்சாகப் போய் நின்றது கருவி.

அண்ணன் தொண்டையைச் செருமினார். "நேத்து ஏதோ வாய் தவறி..."

"நேத்து ஊரே கேக்கற மாதிரி சொன்னே. இப்ப மட்டும் முணுமுணுக்கறே?"

அவர் சத்தமாகவே சொன்னார். "தப்புதாம்மா. நீ நகர்த்தலை."

தங்கைக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அப்புறம் துருவியிடம் திரும்பினாள். "அந்த மூலப்புள்ளின்னீங்களே, அங்கயும் கல்லு நட்டிருக்காங்களா?"

"இல்லம்மா. அது சட்டத்துல மட்டும்தான் இருக்கு."

"இல்லாத இடத்துலேருந்தா என் வீட்டை அளக்கறீங்க?"

துருவி சந்தோஷமாகக் குழாயடித் திட்டிலேயே உட்கார்ந்து, காகிதத்தில் கோடு போட்டு விளக்க ஆரம்பித்தார். அண்ணனும் எட்டிப் பார்த்தார்.