முடிச்சுப் போடாத பூணூல்

1907ஆம் வருஷம் ஆவணி அவிட்டத்தன்று வங்காளத்துக் காளிகாட்டில் வைத்தீஸ்வரன் போட்டுக்கொண்ட பூணூல் அடுத்த ஏழு வருஷங்களுக்கு முடியவில்லை. மாயவரத்திலிருந்து வருஷாவருஷம் வரும் பூணூல் பார்சல் அந்தத் தடவை வந்து சேரவில்லை. அவர் மனைவி அனந்தலக்ஷ்மி கடைத்தெருவில் பஞ்சு வாங்கி, கொட்டை நீக்கி, தெருவோடு போன பஞ்சு கொட்டுகிறவனைக் கூப்பிட்டு வில்லால் அடிக்கச் செய்து, தக்ளியில் நூற்று முப்புரியாக முறுக்கினாள். அவருக்கோ லீவு கிடையாது. சீமைத்துணி இறக்கும் கம்பெனியில் ஹெட் கிளார்க். பிரம்ம முடிச்சுப் போடும் வரை பொறுக்காமல், மந்திரத்தைச் சொல்லி மாட்டிக்கொண்டு டிராமுக்கு ஓடினார். நூலின் மறுநுனி அவள் தக்ளியிலேயே இருந்தது.

அவர் போகப் போக நூல் வந்துகொண்டேயிருந்தது. டிராம் ஏறியும் அறுபடவில்லை. கூடையில் பஞ்சும் குறையவில்லை. குழம்பு அடிப்பிடிக்கிறதே என்று அவள் தக்ளியை வைத்துவிட்டு எழுந்தபோது, அவர் சௌரங்கி ரோட்டில், கொட்டுகிற மழையில், ஒரு காலைத் தூக்கியபடி நின்றுவிட்டார். அவள் திரும்பி வந்து சுற்றிய பிறகுதான் அந்தக் கால் தரையில் பட்டது. வீட்டு வாத்தியார் சீதாராம சாஸ்திரிகள் புஸ்தகத்தைப் புரட்டிப் பார்த்து, போட்டுக்கொண்ட பின் முடிச்சுப் போட விதியில்லை என்று சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை அனந்தலக்ஷ்மி வாசல் நிலைப்படியை விட்டு நகரவில்லை. அவரை அப்படியே நிறுத்திவிட்டுப் போக அவளுக்கு மனம் வரவில்லை, அசடு. உண்டாகி ஏழாம் மாதம் வந்தது. தலைப்பிரசவத்துக்கு அனுப்பச் சொல்லி அவள் அம்மா மாயவரத்திலிருந்து மூன்று கடிதம் போட்டாள்.

“நீ போயிட்டா நான் ஆபீஸ் போறது எப்படி?” என்றார் வைத்தீஸ்வரன்.

“அறுத்துப் போட்டுடுங்கோளேன்.”

“பூணூலை அறுக்கறதாவது! நான் என்ன சன்னியாசியா?”

குழந்தை அந்த நிலைப்படியிலேயே பிறந்தது. எதிர்வீட்டில் தறி வைத்திருந்த, சித்தி என்கிற மாதிரி எல்லோரும் மாஷிமா என்று கூப்பிடும் வங்காளி அம்மாள்தான் பிரசவம் பார்த்தாள். அனந்தலக்ஷ்மியின் வலக்கை தக்ளியை விடவில்லை. சாயங்காலம் வந்தவர் பெண்குழந்தையை எட்டிப் பார்த்துவிட்டு, “நாலு மணிக்கு ஏன் அப்படி வெட்டி வெட்டி இழுத்தது?” என்று கேட்டார். இதை இப்போது சொன்னாலும் வயிறு எரிகிறது.

அவரோடு தினமும் திரும்பி வந்த நூல் உக்கிராண உள்ளை அடைத்தது, பிறகு கூடத்தை அடைத்தது. குழந்தை நூல் மேட்டில் தவழ்ந்து நடை பழகியது. 1914இல் மறுபடி ஒரு கடிதம் வந்தது. அம்மாவுக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது. முழுசாகப் போவதற்குள் மகளையும் பேத்தியையும் பார்த்துவிட வேண்டுமாம். அனந்தலக்ஷ்மி அதை மாஷிமாவிடம் சொல்லி அழுதாள். துணியில் மாட்டிக்கொண்ட நூலுக்குத் தனியாக முடிச்சு எதற்கு என்றாள் மாஷிமா.

ஆபீஸ் போகிற தூரத்துக்கு, ஐந்து மைல் நூலை மட்டும் விட்டுவிட்டு, மிச்சத்துக்குக் கஞ்சி போட்டு, சந்து நெடுகப் பாவு விரித்து, மாஷிமா நெய்தாள். ஏழு வருஷத்து நூலும் ஒரே ஒரு ஒன்பது கஜப் புடவையில் அடங்கிவிட்டது. தக்ளியிலிருந்த நுனியைக் கடைசி ஊடையாகக் கோத்து இறுக்கியதும் நூல் வளர்வது நின்றது.

மறுநாள் வைத்தீஸ்வரன் வழக்கம்போல ஆபீஸ் போனார். அனந்தலக்ஷ்மி புடவையை மஞ்சளில் நனைத்துக் காயவைத்துக் கட்டிக்கொண்டு, பெண்ணைக் கூட்டிக்கொண்டு ஹௌராவில் மெட்ராஸ் மெயில் ஏறினாள். சாந்த்ராகாச்சி ஸ்டேஷன் தாண்டியதும் நூல் விறைத்தது. வைத்தீஸ்வரன் காதில் செருகிய பேனாவோடு நாற்காலியை விட்டு எழுந்தார். உத்தரவில்லாத லீவு என்று கம்பெனி எழுதிக்கொண்டது.

அவள் மாயவரத்தில் இறங்கி இரண்டு மணி நேரம் கழித்து அவரும் நடந்து வந்து சேர்ந்தார். மாமியார் மங்கிய கண்ணால் உற்றுப் பார்த்து அடையாளம் கண்டுகொண்டாள்.

“வாங்கோ மாப்ளே. தலைப்பிரசவத்துக்கு அழைச்சிண்டு வர இத்தனை நாளாச்சா?”

அதன் பிறகு அனந்தலக்ஷ்மி எங்கே போனாலும் அவர் ஐந்து மைலுக்குள் இருந்தார். மாயவரத்தில் யாரும் அதை விசேஷமாக எடுத்துக்கொள்ளவில்லை. தெருவில் கிடக்கும் நூலைத் தாண்டிப் போகப் பழகிக்கொண்டார்கள்.