இரண்டு கையெழுத்து

ஐஸ் பெட்டியின் மேல் மாலையைச் சரிசெய்துகொண்டிருந்த சிவரஞ்சனியிடம் செக் புத்தகத்தை நீட்டினார் முத்துசாமி, அரியலூர் சுமைப்பணித் தொழிலாளர் சங்கத்தின் செயலாளர்.

"மோளக்காரங்க அட்வான்ஸ் கேக்குறாங்கம்மா. செக்குல உங்கப்பா கையெழுத்தும் வேணுமே!"

பெட்டிக்குள் இருந்த அவளுடைய அப்பா பூமாலைதான் சங்கத்தின் பொருளாளர்.

சங்கப் பணம் முதலில் ஒரு பிஸ்கட் டப்பாவில்தான் இருந்தது. ஒரு தீபாவளிக்கு முந்தின நாள், அப்போதைய பொருளாளர் டப்பாவோடு திருப்பூர் பஸ் ஏறிவிட்டார். அடுத்து வந்த பூமாலை வங்கியில் கணக்குத் தொடங்கினார். இரண்டு கையெழுத்து இல்லாமல் ஒரு பைசா வெளியே போகக் கூடாது என்று தீர்மானம் போட்டார். அன்றிலிருந்து, இறந்த உறுப்பினர் எல்லோருக்கும் சங்கச் செலவில் மேளமும் பூப்பல்லக்கும் உண்டு. பொருளாளரும் ஒருநாள் சாவார் என்பதுதான் யாருக்கும் தோன்றவில்லை.

"புது ஆளு போட்டு, பேங்க்ல ஏத்த பத்து நாளு ஆவும்," என்றார் முத்துசாமி.

"அதுவரைக்கும் அப்பா பெட்டியிலயே இருக்கணுமா மாமா?"

பந்தல் சிரித்தது. பேரன் பேத்தி எடுத்து, தூக்கத்திலேயே போனவர், கல்யாணச் சாவு.

"டீக்கே சங்கத்துக் காசத் தொட விடாத மனுசன், சாவுக்கு வுடுவாரா?" என்றார் அன்பழகன். அவரும் சுமை தூக்குகிறவர்.

சிவரஞ்சனிக்கு முழுதாகச் சிரிக்க வரவில்லை. அம்மா பொன்னுத்தாய் விடிந்ததிலிருந்து ஒன்றைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்: "ஊருக்கெல்லாம் மோளம் வச்சு அனுப்புனவருடி. சும்மா அனுப்பிறாதீங்க."

"நான் குடுத்துடுறேன் மாமா."

"வேணாம்மா. சங்கத்து ஆளு சங்கத்துக் காசுலதான் போவணும்."

அன்பழகன் தோள்துண்டை உதறி விரித்தார். நூறும் ஐம்பதுமாக விழத் தொடங்கியது.

"ரசீது போடுங்கப்பா. இல்லன்னா எந்திரிச்சு உக்காந்துருவாரு!"

சிவரஞ்சனி உள்ளே போய் ரசீதுப் புத்தகத்தை எடுத்துவந்து எழுத உட்கார்ந்தாள். பாதி எழுதும்போதே தெருவில் மேளம் அதிர்ந்தது. ரசீது வாங்கியவர்கள் அதைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு ஆடப் போனார்கள்.

கடைசியாகப் பொன்னுத்தாய் வந்து, மடியிலிருந்து பத்து ரூபாயை எடுத்துத் துண்டில் போட்டாள்.

"அத்தாச்சி, நீங்க மெம்பரு இல்லியே?" என்றார் முத்துசாமி.

"இத்தன வருசமா கணக்கு இடிச்சா நடுராத்திரியில என்னையல்ல எழுப்புனாரு? எழுதுடி."

சிவரஞ்சனி அம்மா பெயரை எழுதினாள். பொன்னுத்தாய் குனிந்து, கார்பன் தாளை விலக்கி அடித்தாளைப் பார்த்தாள். நன்றாகவே பதிந்திருந்தது.

"ம், கிழிச்சுக் குடு," என்றாள்.