டார்சியின் ஃபோர்டு தொப்பி

டார்சி ஸ்டிடமுக்கு வீட்டில் பெண்டாட்டி கூப்பிட்டால் காது கேட்காது. எங்கள் ஹாலோ பிளாக் கம்பெனியில் மேஸ்திரி தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது. கல் அச்சடிக்கிற மெஷினுக்குப் பக்கத்தில் வருஷக்கணக்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினால் யார் காதும் அப்படித்தான் ஆகும். என் காதும் அந்த லட்சணம்தான். ஆனால் சனிக்கிழமை பீச் ஃபோர்க் பந்தய மைதானத்துக் கேலரியில் ஏறி உட்கார்ந்துவிட்டால் போதும், அவனுடைய அதே காதுக்கு உயிர் வந்துவிடும். தொப்பியை மூக்கு வரைக்கும் இழுத்து மூடிக்கொண்டு, தடத்தில் ஓடுவது யாருடைய கார் என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவான்.

"இது பிங்கம் பையன். இன்னும் அந்த கார்புரேட்டரைத் தொடைக்கல பாரு, சளி பிடிச்ச மாடு மாதிரி இருமுது."

பார்த்தால் பிங்கம் பையனாகத்தான் இருக்கும். யாராவது ஒருத்தர் போய் டார்சிக்குக் குளிர்ந்த சோடா வாங்கி வர வேண்டும். அது கேலரியில் பழக்கமாகிவிட்ட கப்பம்.

இந்தப் பெருமைக்கெல்லாம் அஸ்திவாரம் பழைய தகுதி ஓட்டம்தான். இரவுப் பந்தயத்தில் யார் யார் ஓடலாம் என்று மத்தியானமே ஓட்டிப் பார்ப்பார்கள். ஒரு நேரத்தில் ஒரு கார். தனியாக இரண்டு சுற்று. கடிகாரம் சொல்வதுதான் தீர்ப்பு. அந்த இரண்டு சுற்றுக்கு மைதானத்தில் வேறு சத்தம் கிடையாது. டார்சியின் கச்சேரி அந்த நேரத்தில்தான்.

மைதானத்தின் முதலாளியம்மா நெல்டா க்ரீச் இந்த சீசனில் அதை ஒழித்துவிட்டாள். திங்கட்கிழமை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நான்தான் ஃபோனில் பார்த்து உரக்கப் படித்தேன். இனிமேல் எட்டு எட்டு காராக ஒன்றாக விடுவார்கள். ஐந்து நிமிஷம். யார் எத்தனை சுற்று வேண்டுமானாலும் ஓடலாம், ஒவ்வொருவருக்கும் அவரவருடைய நல்ல சுற்று ஒன்றுதான் கணக்கு. எட்டில் வேகமான ஐந்து பேர் இரவுப் பந்தயத்துக்கு. மிச்சம் மூன்று பேர் வண்டியை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு.

டார்சி வறுத்த போலோனி இறைச்சி சாண்ட்விச்சைக் கீழே வைத்தான்.

"எட்டு காரா? ஒண்ணாவா? அது தகுதி ஓட்டமா இல்ல கோழிப் பண்ணைக் கதவைத் திறந்துவிட்ட மாதிரியா?"

"எனக்குப் பிடிச்சிருக்கு" என்றான் லட்ரெல். கல் அடுக்குகிற பகுதியில் வேலை செய்பவன், பிறவி ஃபோர்டு ஆள், வேறு கம்பெனிக் காரைக் காராகவே மதிக்காதவன். டார்சி செவர்லே ஆள். இருவரும் ஒரே மேஜையில் சாப்பிடுவார்கள், ஒரு விஷயத்திலும் ஒத்துப்போக மாட்டார்கள். "பழைய முறையில எனக்குத் தூக்கம்தான்பா வரும். ஒரு கார் போகும். அப்புறம் ஒரு கார் போகும். எங்க பாதிரியார் பிரசங்கம்கூட அதைவிட விறுவிறுப்பு."

"உங்க ஃபோர்டு தனியா ஓடினா ரெண்டு சுற்று முடியுறதுக்குள்ள நின்னுடும். அதான் உனக்குக் கூட்டத்தோட போறது பிடிக்குது. தள்ளிவிட ஆள் இருக்கும்ல."

"உனக்கு முறை மேல கோபமா, சோடா போச்சேன்னு கோபமா?"

மேஜை முழுக்கச் சிரித்தது. டார்சிக்குக் கழுத்து சிவந்துவிட்டது. அந்தச் சிரிப்பில் ஆரம்பித்ததுதான் எல்லாம். செவ்வாய்க்கிழமைக்குள் ஊரே இரண்டாகப் பிரிந்துவிட்டது. பெட்ரோல் பங்கில் சண்டை. முடிவெட்டுகிற கடையில் சண்டை. இது டிவியில் காட்டுகிற பெரிய பந்தயங்களைப் பார்த்துக் கெட்டுப்போன புத்தி என்றார்கள் சிலர். தகுதி ஓட்டத்தை ஒரு நாளும் பார்க்காமல் மைதானத்துக் கடையில் போலோனி சாண்ட்விச் வரிசையில் நின்றுகொண்டே இருந்தவர்கள்தான் பழைய முறைக்காக அதிகம் அழுதார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

புதன்கிழமை டார்சி போராட்டம் அறிவித்தான். சனிக்கிழமை தகுதி ஓட்டம் நடக்கிற நேரம் முழுக்கக் கேலரியில் எழுந்து, தடத்துக்கு முதுகைக் காட்டி நிற்பது. பணம் கொடுத்து உள்ளே போய், பார்க்காமல் நிற்பது.

"அதுக்கு வீட்டுலயே இருக்கலாமே?" என்று கேட்டேன்.

"வீட்டுல இருந்தா நெல்டாவுக்கு எப்படித் தெரியும் லொரீன்? முதுகைப் பார்த்தாத்தான் அவளுக்கு உறைக்கும்."

லட்ரெல் விடவில்லை. "முதல்ல திரும்பிப் பாக்குறவனுக்கு என்ன தண்டனை?"

"நீயே சொல்லு."

"என் ஃபோர்டு தொப்பி. சீசன் முடியுற வரைக்கும் தலையை விட்டு எறங்கக் கூடாது. வேலைக்கும், கோயிலுக்கும், பந்தயத்துக்கும்."

அந்தத் தொப்பியை எல்லோருக்கும் தெரியும். ஒரு காலத்தில் நீலம். லட்ரெல் பன்றிக்குத் தீனி வைக்கும்போது போடுவது. செவர்லே வீட்டில் பிறந்தவனுக்கு அதைத் தொடுவதே பாவம்.

"எழுதி வச்சுக்கோ" என்றான் டார்சி. "நான் திரும்பினா நானே போட்டுக்கறேன்."

இதையெல்லாம் பேசும்போது அவன் தன் மகளைப் பற்றி நினைக்கவில்லை. அதுதான் டார்சி.

ரெனா பள்ளிக்கூட பஸ்களைப் பழுது பார்க்கும் வேலையில் இருக்கிறாள். நாற்பத்தொன்றாம் எண் செவர்லே பந்தயக் கார் அவளுடையது. போன சீசன் முழுக்க ஒவ்வொரு சனிக்கிழமையும் தகுதி ஓட்டத்தில் மயிரிழையில் தோற்று, இரவுப் பந்தயத்தை வேலிக்கு வெளியே நின்று பார்த்தவள். இந்த வருஷமும் உள்ளே போக முடியாவிட்டால் வண்டியை விற்றுவிடுவதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். வெறும் பேச்சு இல்லை. ஜான்சன் சிட்டியிலிருந்து ஒருத்தன் வந்து வண்டியைப் பார்த்துவிட்டும் போயிருந்தான்.

வியாழக்கிழமை சாயங்காலம், கடன் வாங்கிய ஜாக்கியைத் திருப்பிக் கொடுக்க ஸ்டிடம் வீட்டுக்குப் போனேன். ரெனா காருக்கு அடியில் கிடந்தாள். டார்சி மேலே குனிந்து லைட் பிடித்துக்கொண்டிருந்தான். அவன் பெண்டாட்டி வேடா கொட்டகை வாசலில் நாற்காலி போட்டு பீன்ஸ் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"அப்பா, உனக்கு வேண்டாத முறைதான் எனக்கு வேணும்" என்று அடியிலிருந்து குரல் வந்தது. "தனியா விட்டா எனக்கு ஆகல. எல்லாரும் என்னையே பாக்குறாங்கன்னு தோணுது. மூணாவது வளைவு வர்றதுக்கு முன்னாடியே ஆக்ஸிலேட்டர்லேர்ந்து கால் தானா எழும்பிடுது. முன்னாடி ஒருத்தன் ஓடினா அவனைப் பிடிக்கணும்னுதான் நெனப்பு இருக்கும். பயப்பட நேரம் இருக்காது."

டார்சி சிரித்தான். "உன் சத்தமே அதுதானேம்மா. மூணாவது வளைவுக்கு முன்னாடி ஒரு மூச்சு விடுவ பாரு. அதை வச்சுத்தானே நான் உன்னைக் கண்டுபிடிக்கிறேன்."

செல்லமாகத்தான் சொன்னான். அடியில் ஸ்பேனர் சத்தம் நின்றது.

"அந்த மூச்சுனாலதான்பா நான் தோக்கறேன்."

டார்சி லைட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான்.

"சனிக்கிழமை நான் ஓடுறதைப் பாப்பியா, மாட்டியா?"

"நாலு பேர் முன்னாடி வாக்குக் குடுத்துட்டேனேம்மா."

"சரி. லைட்டை நேராப் பிடி."

வேடா பீன்ஸைப் பாத்திரத்தில் போடுவதற்குப் பதிலாக வீசினாள். "அந்த நாலு பேரு உனக்குச் சோறு போட்டு வளப்பாங்க, போ ஸ்டிடம்." கோபம் வந்தால் அவள் புருஷனைக் குடும்பப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள்.

சனிக்கிழமை வெயில் மண்டையைப் பிளந்தது. பாதிரியார் மைக்கில் ஜெபம் செய்தார், தேசிய கீதம் முடிந்தது, முதல் எட்டு கார்களும் தடத்தில் இறங்கின. டார்சி எழுந்து திரும்பினான். கேலரியின் நடுப்பகுதியில் ஒரு நாற்பது பேர் அவனோடு எழுந்து திரும்பினார்கள். நாங்கள் மிச்சப்பேர் உட்கார்ந்தபடி அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பஸ்ஸில் எதிரெதிர் சீட்டில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. எங்கே பார்ப்பது என்று யாருக்கும் தெரியவில்லை.

"என்ன டார்சி, என் முகத்துல ஏதாவது சினிமா ஓடுதா?" என்றான் மேல் வரிசையில் உட்கார்ந்திருந்த லட்ரெல். பெரிய கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான். தொப்பியை ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி மடியில் வைத்திருந்தான்.

"வாயை மூடு. கேக்க விடு."

எட்டு இன்ஜின் சேர்ந்து உறுமினால் இடிதான். டார்சி தலையைச் சாய்த்து ஒரு காதைக் கொடுத்தான், அப்புறம் மறு காதை.

"முன்னாடி போறது பிங்கம் பையன்" என்றான் கடைசியில்.

"பிங்கம் பையன் இன்னும் தடத்துலயே எறங்கல" என்றேன். "அதோ டயர் மேல உக்காந்து வேர்க்கடலை தின்னுட்டு இருக்கான்."

உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். நின்றவர்களும் சிரித்தார்கள், அதுதான் அவனுக்கு வலித்தது. அதற்குள் போராட்டத்தில் ஓட்டை விழ ஆரம்பித்திருந்தது. ஒருத்தன் ஃபோனை முகத்துக்கு நேராகப் பிடித்து, தோளுக்குப் பின்னால் தெரிவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு பெண் கைப்பையிலிருந்து பவுடர் கண்ணாடியை எடுத்து உதட்டுக்குச் சாயம் பூசுகிற சாக்கில் வெகுநேரம் தடத்தைப் பார்த்தாள்.

"ஃபோனைக் கீழ போடுடா வெக்கங்கெட்டவனே!" என்று டார்சி கத்தினான்.

இரண்டாவது எட்டில் ரெனா இருந்தாள். மைக்கில் பெயர் சொன்னதும் டார்சியின் கை பேன்ட் பாக்கெட்டுக்குள் போனது. வேடா எனக்குப் பக்கத்தில் இருந்தாள். அவள் போராட்டத்தில் சேரவில்லை, முழங்கையை முழங்காலில் ஊன்றித் தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க இருக்கா?" என்றான் டார்சி.

"யாரு?"

"வெளையாடாத வேடா."

"உனக்குத்தான் முதுகு இருக்கே. அதைக் கேளு."

அவன் கண் மேல் வரிசைக்குப் போனது. லட்ரெலின் கறுப்புக் கண்ணாடியில் தடம் முழுக்கத் தெரிந்தது, எறும்பு வரிசை மாதிரி. டார்சி கழுத்தை நீட்டிக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். லட்ரெல் அதைக் கவனித்தான். அப்புறம் மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றி மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"வெயில் கொறைஞ்சிடுச்சு" என்றான்.

இனி டார்சிக்குக் காதைத் தவிர வேறு கதியில்லை. அவன் எதைத் தேடினான் என்று எனக்குத் தெரியும். மூன்றாவது வளைவுக்கு முன்னால் வரும் அந்த மூச்சு. எட்டு இன்ஜின் என்ன, எண்பது இன்ஜின் ஓடினாலும் தன் மகளுடைய அந்த ஒரு சத்தம் தனக்குக் கேட்கும் என்று நம்பினான். கார்கள் ஒரு சுற்று வந்தன. அவன் உதடு அசைந்தது. இன்னொரு சுற்று. அவன் முகம் வெளுக்க ஆரம்பித்தது.

"கேக்கல" என்றான், எங்கள் யாரையும் பார்க்காமல். "அவ சத்தம் கேக்கல. வேடா, நின்னுட்டாளா? எங்கயாவது மோதிட்டாளா?"

வேடா எழுந்து நின்று இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

டார்சி திரும்பிவிட்டான்.

யோசித்துத் திரும்பவில்லை. சூட்டில் கை பட்டால் கை எப்படி விலகுமோ அப்படித் திரும்பினான். நாற்பத்தொன்று நிற்கவும் இல்லை, மோதவும் இல்லை. முன்னால் போன மஞ்சள் காரின் பம்பரோடு ஒட்டிக்கொண்டு மூன்றாவது வளைவுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. அவள் காலை எடுக்கவில்லை. போன சுற்றிலும் எடுக்கவில்லை, அதற்கு முந்தின சுற்றிலும் எடுக்கவில்லை. இல்லாத சத்தத்தைத்தான் அவன் அத்தனை நேரம் தேடிக்கொண்டிருந்தான்.

"அமுக்கும்மா!" என்று கத்தினான். "விடாத! அமுக்கு! அவன் வண்டியைத் தின்னுடு!"

அவன் திரும்பியதைப் பார்த்து நாற்பது பேரும் நிம்மதியாகத் திரும்பினார்கள். தண்டனை முதலில் திரும்பியவனுக்குத்தானே. நேரம் முடிந்து பலகையில் எண்கள் விழுந்தன. நாற்பத்தொன்று ஐந்தாவது. தேறுகிறவர்களில் கடைசி இடம். ஆனால் உள்ளே.

வேடா உட்கார்ந்து மூக்கைச் சிந்தினாள். டார்சியின் தோளை யாரோ தொட்டார்கள். லட்ரெல். பிளாஸ்டிக் பையை அவிழ்த்துக்கொண்டே இறங்கி வந்திருந்தான்.

"அளவு சரியா இருக்கும்னு நெனைக்கிறேன். பன்னிங்க ஒண்ணும் குறை சொன்னதில்ல."

டார்சி தன் செவர்லே தொப்பியைக் கழற்றி வேடாவிடம் கொடுத்தான், இதைப் போட்டுக்கொண்டான்.

பந்தயக் கார்களை நிறுத்துகிற இடத்துக்கு நாங்கள் போனபோது ரெனா கார் ஜன்னல் வழியாக வெளியே இறங்கிக்கொண்டிருந்தாள்; பந்தயக் காருக்குக் கதவு திறக்காது. முடி வேர்வையில் ஒட்டியிருந்தது. அப்பாவைப் பார்த்தாள். தலையைப் பார்த்தாள்.

"என்னப்பா அது?"

"வெயில் அதிகமா இருந்துச்சு. லட்ரெல் பாவம் பார்த்துக் குடுத்தான்."

"வாயைத் திறந்தா பொய்" என்றாள் வேடா. "நடுவுல திரும்பிட்டான். கேலரியே பாத்துச்சு."

ரெனா கிட்டே வந்து, கிரீஸ் கையால் அந்தத் தொப்பியின் முன்பக்கத்தைப் பிடித்து நேராக்கினாள். நெற்றிக்கு மேல் கறுப்பாக ஒரு கட்டைவிரல் தடம் விழுந்தது.

"காதுலயே கேட்டிருக்கலாமே?"

"கேக்கலம்மா. அதான் பாத்தேன்." தொப்பியை மறுபடி கீழே இழுத்துக்கொண்டான். "முறை கேடுகெட்ட முறைதான். அதுல மாத்தமில்ல."

"மாத்த வேண்டாம்" என்றாள் ரெனா. சிரிப்பை அடக்கிக்கொண்டு டயரைத் தட்டிப் பார்க்கப் போனாள்.

இரவுப் பந்தயம் தொடங்கியபோது டார்சி எப்போதும் உட்காரும் இடத்திலேயே உட்கார்ந்திருந்தான். பன்றித் தொப்பி நாற்றத்தில் இரண்டு பக்கமும் ஆளுக்கு ஒரு இடம் தள்ளி உட்கார்ந்திருந்தோம். கார்கள் கும்பலாக எங்களைக் கடந்தன. பின் வரிசையில் ஒருத்தன் முன்னால் குனிந்து, கையில் சோடாவோடு கேட்டான்.

"டார்சி, கண்ணை மூடிட்டுச் சொல்லு. இப்பப் போனது யாரு?"

"தள்ளிப் போடா" என்றான் டார்சி, தடத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல். "பாத்துட்டிருக்கேன்ல."